எல்லைக் கோட்டின் இருபுறமும் எஸ். வி. ரங்கா ராவ்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலை செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று ஊர்களைக் கடந்து தடாவில் ஆந்திரத்திற்குள் நுழைகிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளின் நெடிய வரிசையும் அச்சாலைக்கு இன்றைய முகத்தைத் தந்திருக்கின்றன. ஆயினும் அப்பகுதியின் பழைய இயல்பு மாறிவிடவில்லை. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் அங்கே ஏராளம். எந்த மொழி எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அம்மக்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அரசாங்கங்களுக்கு அந்தச் சிரிப்பு போதாது. அவற்றுக்குக் கோடு வேண்டும். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. அதன் பின்னரும் எல்லைப் பிணக்கு தீரவில்லை. ம. பொ. சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் பின்னர் படாஸ்கரின் சமரசத் தீர்ப்பும் நம் வாசகர்கள் அறிந்தவை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது; பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. ஊர்களைப் பங்கு போட்ட கதை இது. அதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு பங்கீட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. அது ஒரு நடிகரின் நினைவு பங்கிடப்பட்ட கதை. அந்த நடிகர் எஸ். வி. ரங்கா ராவ்.

தமிழ்ப் பார்வையாளரிடம் ரங்கா ராவ் என்றால் அவர் நினைவில் எழுவது ஒரு தந்தையின் உருவம்: கனத்த உடல், சற்றே தாழ்ந்த குரல், கண்ணில் எப்போதும் ஈரம். தெலுங்குப் பார்வையாளரிடம் அதே பெயரைச் சொன்னால் முதலில் வருவது மாந்திரீகனும் கீசகனும் இரணியகசிபுவும். இரண்டும் ஒரே மனிதர் என்பது இருசாராருக்கும் தெரியும்; தெரிந்தும் தம் பாதியையே முழுமையென்று கொண்டாடுகிறார்கள். அந்த இரு பாதிகளையும் சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சாமர்ல வெங்கட ரங்கா ராவ் 1918 ஜூலை 3ஆம் நாள் கிருஷ்ணா மாவட்டத்து நூஜிவீட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. சிறுவனாக இந்நகரத் தெருக்களில் தமிழைக் காதால் கேட்டுப் பழகியது பின்னாளில் அவருக்குப் பெரும் முதலீடாயிற்று. பிறகு காக்கிநாடாவில் பி.எஸ்சி. பட்டம். அங்கே 'யங் மென்ஸ் ஹாப்பி கிளப்' என்ற பயில்முறை நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் திரையுலகில் புகழ்பெற்ற அஞ்சலிதேவியும், அவர் கணவரான இசையமைப்பாளர் ஆதிநாராயண ராவும் அக்குழுவினர்தாம். தெலுங்கு நாடகங்களோடு ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களும் அந்த மேடைகளில் அவருக்கு வாய்த்தன.

பட்டம் பெற்றவர் தீயணைப்புத் துறையில் அதிகாரியானார். நிலையான அரசு வேலையை விட்டு 'வரூதினி' என்ற தெலுங்குப் படத்தில் நாயகனாக நடித்தார். போர் முடிந்த ஆண்டுகளில் வந்த அப்படம் தோற்றது. வாய்ப்பு ஏதும் வராத நிலையில் அவர் ஜாம்ஷெட்பூருக்குச் சென்று டாட்டா நிறுவனத்தில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். 1947இல் திருமணமும் ஆயிற்று. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். எஃகு ஆலை நகரத்தில் ஓய்வு நேரத்தில் நாடகம் போட்டுக்கொண்டு, ஒரு காலத்தில் சினிமாவில் நடித்தவர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருக்கலாம். சென்னையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தபோது இரண்டாம் முறையாக வேலையை விட்டார். முதல் தோல்விக்குப் பின் இரண்டாம் முறை விடுவதற்குத்தான் துணிவு அதிகம் வேண்டும்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவருடைய சமகாலத் தமிழ் நடிகர்களில் பெரும்பாலோர் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன், எம். ஆர். ராதா, தங்கவேலு என்று பட்டியல் நீளும். ஏழெட்டு வயதில் வீட்டை விட்டு வந்து, பாட்டும் வசனமும் உடலில் ஏறும்வரை அடி வாங்கிப் பயின்ற மரபு அது. ரங்கா ராவ் அந்த மரபுக்கு வெளியே நின்றவர். கல்லூரி, அலுவலகம், பயில்முறை நாடகம் என்ற வழியில் வந்தவர். வசனம் அவருக்கு மனனம் செய்து முழங்கும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. பேச்சாகவே இருந்தது. அந்த வேறுபாட்டின் பயனைத் தமிழ் சினிமா பின்னர் கண்டது.

*

அவர் திரும்பி வந்த சென்னை இருமொழிச் சென்னை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் இதழ் தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் ஒரே நேரத்தில் வெளிவந்தது. அதே இருவரின் விஜயா நிறுவனம் வடபழனியின் வாஹினி ஸ்டூடியோவில் படங்களையும் அவ்விதமே எடுத்தது. அரங்கம் ஒன்று, ஒளியமைப்பு ஒன்று, ஒளிப்பதிவாளர் ஒருவர். ஒரு காட்சியைத் தெலுங்கில் எடுத்து முடித்ததும் அதே இடத்தில் தமிழில் எடுப்பார்கள். மொழி தெரியாத நடிகர் விலகிக்கொள்ள, வேறொருவர் வந்து அதே இடத்தில் நிற்பார். இரு மொழியும் அறிந்தவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, ஒரே உணர்ச்சியை இரண்டு தொடரமைப்புகளில் அடுத்தடுத்து நிகழ்த்தவேண்டும்.

1950இல் 'ஷாவுகாரு' தெலுங்குப் படத்தில் சுன்னம் ரங்கடு என்ற முரட்டுப் பாத்திரத்தில் கவனம் பெற்ற ரங்கா ராவ், அடுத்த ஆண்டே கே. வி. ரெட்டியின் 'பாதாள பைரவி'யில் நேபாள மாந்திரீகனானார். இரு மொழிகளிலும் அவரே. நாயகனாக நடித்த என். டி. ராமராவை நட்சத்திரமாக்கிய படம் அது. எனினும் நீண்ட தாடியும் கூரிய பார்வையுமாக வரும் மாந்திரீகன் திரையில் இருக்கும்வரை வேறெவர் மேலும் கண் செல்லாது. இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952இல் நடந்தபோது அப்படம் அங்கே திரையிடப்பட்டது.

1955இல் 'மிஸ்ஸம்மா'வும் 'மிஸ்ஸியம்மா'வும். தெலுங்கில் ராமராவும் நாகேஸ்வர ராவும் நடித்த வேடங்களைத் தமிழில் ஜெமினி கணேசனும் தங்கவேலுவும் ஏற்றனர். சாவித்திரியும் ரங்கா ராவும் இரண்டிலும் இருந்தனர். கிராமத்துப் பள்ளிக்கூடத்திற்கு ஆசிரியத் தம்பதியைத் தேடும் வெள்ளந்தியான ஜமீன்தார் அவர். அடுத்த வீட்டுப் பெரியவரைப் போல நடந்துகொண்ட அந்த ஜமீன்தாரைப் பார்த்தவர்களால், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மனிதர்தாம் நரபலி தேடிய மாந்திரீகர் என்பதை எளிதில் நம்பியிருக்க முடியாது.

பிறகு 1957இல் 'மாயா பஜார்'. கடோத்கஜனைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் அந்தப் பாட்டுக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தவர் மாதவபெத்தி சத்யம். தமிழில் திருச்சி லோகநாதன். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரத்தில் லட்டுகள் தாமே எழுந்து அவர் வாய்க்குள் போகின்றன. குரல்கள் இரண்டு, தந்திரம் வேறொருவருடையது; இவற்றையெல்லாம் ஓர் உயிராக்கியது அந்த முகத்தில் தெரியும் குழந்தையின் மகிழ்ச்சி. அதே படத்தில் கடோத்கஜன் வத்சலையின் உருவெடுக்கிறான். அக்காட்சிகளில் சாவித்திரி, பெண்ணுடலில் ஒளிந்திருக்கும் ரங்கா ராவாக நடிக்கவேண்டும். நடையிலும் சிரிப்பிலும் கைவீச்சிலும் அவர் அதைச் செய்து காட்டினார். ஒரு நடிகரின் உடல்மொழி எவ்வளவு தனித்துவமானது என்பதற்கு, இன்னொரு பெரிய நடிகை அதைப் படியெடுக்க முடிந்தது என்பதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்படங்கள் எடுக்கப்பட்ட காலத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். 'பாதாள பைரவி' வந்த மறு ஆண்டு, 1952 டிசம்பர் 15ஆம் நாள், பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 'மிஸ்ஸியம்மா' வருவதற்குள் மாநிலம் பிரிந்துவிட்டது. சென்னை யாருக்கு என்ற கேள்வியில் இருபுறமும் கசப்பு மிகுந்திருந்தது. அக்கசப்பின் நடுவே வடபழனியில் ஒரே அரங்கத்தில் இரு மொழிக்காரர்கள் ஒன்றாய் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வணிகக் காரணங்களே முதன்மையானவை. ஓர் அரங்கச் செலவில் இரண்டு படம் என்பது முதலாளிக்கு லாபம். ஆயினும் லாபக் கணக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு, அரசியல் செய்யத் தவறிய ஒன்றைச் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

*

எல்லைக்கு அப்பால் பிறந்து இப்பால் நின்று நடித்த கலைஞர் என்ற வகையில் ரங்கா ராவ் உலகில் தனித்தவர் அல்லர். அவருடைய சமகாலத்தவரான ஜெர்மானிய நடிகர் கெர்ட் ஃப்ரோபேயின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். சாக்ஸனியில் ஸ்விக்காவ் நகரை அடுத்து 1913இல் பிறந்தவர். போருக்குப் பின் அவர் பிறந்த மண் கிழக்கு ஜெர்மனிக்குள் போயிற்று. அவருடைய நடிப்பு வாழ்க்கை மேற்கில் அமைந்தது. 1948இல் வெளிவந்த 'பெர்லினர் பல்லாடே'யில் போரிலிருந்து திரும்பி, இடிபாடுகளுக்கிடையே பிழைக்க வழி தேடும் மெலிந்த மனிதனாக நடித்தார். ரேஷன் அட்டை மொழியில் 'சராசரி நுகர்வோன்' என்பதே அப்பாத்திரத்தின் பெயர். பத்தாண்டு கழித்து, உடல் பருத்த நிலையில், 1958இல் ஒரு படத்தில் சிறுமிகளைக் கொல்பவனாக வந்து நடுங்க வைத்தார். 1964இல் ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் 'கோல்ட்ஃபிங்க'ரில் உலகப் புகழ்பெற்ற வில்லன்.

மெலிந்த சாமானியனும் பருத்த கொடியவனும் ஒரே நடிகர் என்பது ஒப்புமையின் ஒரு பகுதி. வேறுபாடு இன்னும் முக்கியமானது. 'கோல்ட்ஃபிங்க'ரில் நாம் கேட்கும் ஆங்கிலக் குரல் ஃப்ரோபேயுடையதன்று. மைக்கேல் காலின்ஸ் என்பவர் கொடுத்த இரவல் குரல். எல்லை கடந்தபோது ஜெர்மானியரின் உடல் மட்டுமே சென்றது. ரங்கா ராவுக்கு அந்த நிலை நேரவில்லை. தமிழில் அவர் தம் குரலிலேயே பேசினார். 'ர'கரத்திலும் சொல் முடிவுகளிலும் தெலுங்கு லேசாகத் தட்டும். அதை எவரும் திருத்த முற்படவில்லை. திருத்தியிருந்தால் இழப்பு நமக்கே.

ஃப்ரோபேயின் வாழ்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இளமையில் நாஜிக் கட்சியில் சேர்ந்து 1937இல் விலகியவர் அவர். அது வெளியே தெரிந்தபோது, 1965இல் இஸ்ரேல் அவர் படங்களைத் தடை செய்தது. போர்க்காலத்தில் தம்மையும் தம் தாயையும் ஒளித்துவைத்துக் காத்தவர் அவர்தாம் என்று யூதர் ஒருவர் முன்வந்து சொன்ன பிறகே தடை நீங்கியது. ஒரு மனிதரைப் பற்றிய பாதி உண்மை எவ்வளவு எளிதில் முழு உண்மையின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது என்பதற்கு அது கொடிய எடுத்துக்காட்டு. ரங்கா ராவின் வழக்கு அவ்வளவு கொடியதன்று. அவரைப் பாதியாக நினைவில் வைத்தவர்கள் அன்பினாலேயே அப்படிச் செய்தார்கள்.

*

தமிழரின் பாதி எது? திருத்தணி நம்மோடு சேர்ந்த அதே 1960இல் பீம்சிங்கின் 'படிக்காத மேதை' வந்தது. வங்காளப் படமொன்றைத் தழுவி கே. எஸ். கோபாலகிருஷ்ணன் திரைக்கதை எழுதியது. செல்வந்தரான ராவ் பகதூர், தம் வீட்டில் வளரும் அநாதையான ரங்கனைத் தாம் பெற்ற பிள்ளைகளினும் மேலாக நேசிக்கிறார். செல்வம் போகிறது, பெற்ற பிள்ளைகள் முகம் திருப்புகிறார்கள், படிக்காத ரங்கன் மட்டும் மிஞ்சுகிறான். ரங்கனாகச் சிவாஜி. அந்நாளில் சிவாஜிக்கு எதிரே நிற்பது எந்த நடிகருக்கும் சோதனை. பலர் அவரோடு போட்டியிட்டுக் குரலை உயர்த்தினார்கள். ரங்கா ராவ் குரலைத் தாழ்த்தினார். எதிரே உணர்ச்சி பொங்கும்போது அவர் ஒரு கணம் பேசாமல் நிற்பார். பிறகு, சாதாரணமாகச் சொல்வதுபோல் ஒரு சொல். கட்டளையிடும் பழக்கமுள்ள மனிதர் கெஞ்ச நேரும்போது உண்டாகும் கூச்சத்தை அந்தத் தாழ்ந்த குரலே காட்டிவிடும். பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி இல்லாததன் பயன் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

1963இல் இரண்டு படங்கள். 'நானும் ஒரு பெண்'ணில், கறுப்பாக இருக்கிறாள் என்று பிறரால் ஒதுக்கப்படும் பெண்ணுக்கு மாமனார். 'கற்பக'த்தில் நல்லசிவம் பிள்ளை. இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மகள் கற்பகம் இறந்துவிடுகிறாள். மருமகனுக்குத் தாமே மறுமணம் செய்துவைக்கிறார் தந்தை. மகள் இருந்த இடத்தில் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, அவளையும் மகளென்று அழைக்கவேண்டிய மனிதரின் நிலை அது. மிகையான கண்ணீருக்கு எல்லா வாய்ப்பும் உள்ள கதை. ரங்கா ராவோ தம் துயரத்தை விருந்தோம்பலாக மாற்றிக்கொள்கிறார். வந்த பெண்ணுக்குச் சங்கடம் நேரக்கூடாதே என்ற கவலை அவர் உடலசைவில் தெரிகிறது. இழந்தவளைப் பற்றிய துக்கம் அதற்குப் பின்னே மறைந்து நிற்கிறது. அந்த இரண்டாம் மனைவியாக நடித்தவர் சாவித்திரி. 'மாயா பஜா'ரில் இவராக நடித்துக் காட்டியவர், இங்கே இவருக்கு மகளாகிறார்.

தமிழ்க் குடும்பப் படத்தின் தந்தை என்ற வார்ப்பை, நூஜிவீட்டில் பிறந்த ஒரு தெலுங்கர் நமக்குச் செய்து கொடுத்தார் என்பதில் வியப்பில்லையா? வியப்பில்லை என்பதே என் எண்ணம். தமிழ் மேடை மரபின் தந்தை ஆணையிடுபவராகவோ புலம்புபவராகவோ இருந்தார். வெளியிலிருந்து வந்தவரின் காதுக்குத்தான் வீட்டுப் பேச்சின் தாழ்ந்த சுருதி புதிதாகக் கேட்டிருக்கும்.

*

இதே 1963இல் அப்பக்கம் நடந்தது வேறு. கமலாகர காமேஸ்வர ராவின் 'நர்த்தனசாலா'வில் அவர் கீசகன். விராடனின் மைத்துனன், திரௌபதியின்மேல் காமுற்று அழிபவன். அந்நடிப்பிற்காக 1964இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தமிழகத்தின் கொட்டகைகளில் நல்லசிவம் பிள்ளையாக மக்களை அழவைத்துக்கொண்டிருந்தவர், இந்தோனேசியத் தலைநகரில் கீசகனாகக் கௌரவிக்கப்பட்டார். 1967இல் ஏ.வி.எம். தெலுங்கில் எடுத்த 'பக்த பிரகலாதா'வில் இரணியகசிபு. தமிழ் முதலாளியின் தெலுங்குப் படத்தில் தெலுங்கு நடிகர். அந்தச் சென்னையில் இது செய்தியே அல்ல.

கீசகனையும் நல்லசிவம் பிள்ளையையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். இருவரும் ஒரே பொருளின் இரு பக்கங்கள். அதிகாரம் உள்ள ஆண் தன் விருப்பத்தை என்ன செய்கிறான் என்பதே ரங்கா ராவ் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டிய பொருள். கீசகன் விருப்பத்திற்கு இரையாகிறான். இரணியன் மகனின் விருப்பத்தை நசுக்குகிறான். ராவ் பகதூரும் நல்லசிவம் பிள்ளையும் தம் விருப்பத்தைப் பிறர் நலத்திற்காக விழுங்குகிறார்கள். விழுங்குவது எவ்வளவு கடினம் என்பது இரணியனை நடித்தவருக்கே தெரியும். தந்தையின் கனிவில் நாம் உணரும் எடை அங்கிருந்து வருகிறது. நம் பாதியை மட்டும் பார்த்தால் நல்ல மனிதர் ஒருவர் தெரிவார். மறுபாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெரிய நடிகர் தெரிவார்.

அவரே இரு பாதிகளையும் இணைக்க முயன்றார். 1967இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கண் கண்ட தெய்வம்' படத்தில் எஸ். வி. சுப்பையாவுடன் நடித்தார். மறு ஆண்டே அக்கதையைத் தெலுங்கிற்குக் கொண்டுசென்று 'பாந்தவ்யாலு' என்ற பெயரில் தாமே இயக்கி நடித்தார். ஆந்திர அரசின் நந்தி விருது அதற்குக் கிடைத்தது. தமிழில் கற்ற குடும்பத் தந்தையைத் தம் தாய்மொழிக்கு அவர் எடுத்துச் சென்ற செயலாகவே இதைக் காணலாம்.

1974 ஜூலை 18ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில், மாரடைப்பால் சென்னையில் மறைந்தார். தெலுங்குத் திரையுலகம் ஹைதராபாத்துக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்த காலம் அது. 1976இல் அங்கே அன்னபூர்ணா ஸ்டூடியோ திறக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெயர்வு முற்றுப்பெற்றது. வாஹினியின் அரங்கங்களும் பின்னர் இல்லாமற்போயின. ஒரே காட்சியை இரு மொழிகளில் அடுத்தடுத்து எடுக்கும் முறை அருகி, மொழிமாற்றுக் குரல் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று ஒரு தெலுங்குப் படம் தமிழில் வரும்போது உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்கிறது. ஃப்ரோபேக்கு நேர்ந்ததே இன்று பொது விதி.

இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி 2013இல் அஞ்சல் துறை வெளியிட்ட தலைகளின் வரிசையில் ரங்கா ராவுக்கும் ஓர் இடம் உண்டு. தலை எந்த மாநிலத்துக் கடிதத்தில் ஒட்டப்பட்டாலும் செல்லும். நம் திரைப்பட வரலாறுகள் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. தமிழ் சினிமா வரலாறு எழுதுவோர் அவரைக் குணச்சித்திர நடிகர் என்ற ஒரு சொல்லில் கடக்கிறார்கள். தெலுங்கில் எழுதுவோர் தமிழ்ப் படங்களை ஒரு பத்தியில் முடிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இரு மொழியும் அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். 'மாயா பஜா'ரின் எந்தப் பிரதியைப் போட்டாலும் அவர்களுக்குப் புரியும். அந்த மனிதரை முழுதாகப் பார்த்தவர்கள் அவர்கள்தாம். எல்லை அவர்கள் ஊர் வழியே போடப்பட்டதால் அவர்கள் இழந்தவை பல. இந்த ஒன்றை மட்டும் இழக்கவில்லை.